போகியன்று எடுத்துப்போட்ட துணிகள்

வியாசர்பாடி
8-6-2025

அன்புள்ள ஜெஸ்லின் சிஸ்டருக்கு,

பொன்னுரங்கம் எழுதுகிறேன். திருவொற்றியூர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியைக் கூட்டித் துடைக்கிற பொன்னுரங்கம்தான். யாரிடமோ சொல்லி எழுதிய கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு எழுத்தும் என் கை போட்டது. அறுபத்தாறு வயதில்!

எங்கள் பக்கத்து கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சாயந்தரம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. போன வருடம் சேர்ந்தேன். பரீட்சையும் எழுதினேன். இப்போது பஸ்ஸில் போனால் ஒரு கடைப் பலகையையும் விடுவதில்லை, வாய்விட்டுப் படிக்கிறேன். நேற்று கண்டக்டர் என்னைப் பார்த்து, "இன்னா பெர்சு, ஸ்டாப்பிங் எல்லாம் நீயே சொல்லிக்கினு வந்தா எனக்கு இன்னா வேலை?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

டோல்கேட் பக்கம் உங்கள் அப்பாவின் கடையையும் பலகை படித்தே கண்டுபிடித்தேன். அவர் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எம்பிள்ள பட்டது போதும்வே, போயிரும்" என்றார். நான் நகராமல் நின்றேன். கடைசியில் நாசரேத் விலாசத்தைச் சொன்னார். நானே எழுதிக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

சிஸ்டர், நான் எழுதுவது மன்னிப்புக் கேட்க. போன வருடம் போகிப் பண்டிகையன்று, பிள்ளை பெற்ற சிவந்தியின் கட்டிலுக்குக் கீழே நீங்கள் ஒரு வாளி வைத்து, அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தீர்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. படிக்கத் தெரியாத பாவி, அதில் இருந்த ரத்தத் துணிகளை எடுத்துப் போட்டுவிட்டேன். அதனால் உங்கள் வேலை போய்விட்டது. படிக்கத் தெரிந்திருந்தால் அப்படி நடந்திருக்காது. அதை நினைத்துத்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

இந்தக் கடிதம் எழுத ஐந்து நாள் ஆயிற்று. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பொன்னுரங்கம்


நாசரேத்
21-6-2025

திரு. பொன்னுரங்கம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதில் சந்தோஷம். அது உண்மையான சந்தோஷம்தான்.

மற்றதற்கு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. சீட்டு ஒட்டியது மற்றவர்களுக்காக. உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதனால் உங்களிடம் வாயால் சொன்னேன், இரண்டு முறை. "தாத்தா, சிவந்தி மாத்துற துணியெல்லாம் இந்த வாளியிலேயே கிடக்கட்டும். எவ்வளவு ரத்தம் போகுதுன்னு நான் பார்க்கணும். நான் சொல்லாம யாரும் எடுக்கக் கூடாது." நீங்கள் சிரித்துக்கொண்டே, "சரி சிஸ்டர், நான் காவல் கீறேன்" என்றீர்கள். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன்.

விசாரணைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "துப்புரவுப் பணியாளருக்குச் செவிலியர் வாய்மொழியாக எந்த அறிவுறுத்தலும் தரவில்லை. படிக்கத் தெரியாதவர் எனத் தெரிந்தும் சீட்டு மட்டும் ஒட்டியுள்ளார்." அதன் கீழே உங்கள் கைநாட்டு.

அன்று அந்த மாடியில் நான் ஒருத்தி. பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் போயிருந்தார்கள். எனக்குப் பண்டிகை இல்லையே என்று நானாகத்தான் டியூட்டி கேட்டு வாங்கினேன். மூன்று மணிக்கு மேல் மூன்று பேர் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். போகிப் புகையில் மூச்சுத் திணறி வந்த நான்கு வயதுக் குழந்தை, விலா எலும்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. எட்டாம் படுக்கைச் சர்க்கரைக்காரர் வேர்த்துப்போய் உளற ஆரம்பித்தார். மூன்றாவது சிவந்தி. தலை சுற்றுகிறது என்று மட்டும் சொன்னாள். மூச்சு முதலில். சர்க்கரை இறங்கினால் மூளை கெடும், அது இரண்டாவது. சிவந்தியை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் அந்த வாளி. அதில் ஒரே ஒரு துணி கிடந்தது.

ஐந்து மணிக்குப் போனபோது அவள் கை ஐஸாக இருந்தது. பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்ற கர்ப்பப்பையை எடுத்தார்கள். இருபத்திரண்டு வயது. முதல் பிள்ளை.

இங்கே சித்தி வீட்டில் இருந்துகொண்டு ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். அரசு வேலைக்கு மனுப் போட்டால் பழைய ஆஸ்பத்திரிச் சான்று கேட்கிறார்கள். அவர்கள் அந்த விசாரணைத் தாளைத்தான் அனுப்புகிறார்கள்.

படிக்கத் தெரியாததைக் காரணம் சொல்லாதீர்கள்.

ஜெஸ்லின்


வியாசர்பாடி
10-7-2025

சிஸ்டர்,

உங்கள் கடிதத்தைச் சந்தோஷமாகப் பிரித்தேன். என் பெயருக்கு வந்த முதல் கடிதம். நானே படிப்பேன் என்று மகள் ரமாபாயைத் தள்ளிப் போகச் சொன்னேன். நல்லவேளை, தள்ளிப் போனாள்.

நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. என் முதல் கடிதம் பொய். புதிதாக எழுதக் கற்றவன் முதலில் எழுதியதே பொய்யாகப் போய்விட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அன்றைக்கு மாடி பளபளவென்று இருந்தது. பண்டிகை நாளில் பார்வையாளர்கள் வருவார்கள், என் மாடியைப் பார்த்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. மூன்றேகால் இருக்கும், சிவந்தியின் மாமியார் கெங்கம்மா என்னைக் கூப்பிட்டார். "நைனா, இந்த ரத்தத் துணியெல்லாம் இங்க கெடக்கக் கூடாது. ஜனங்க வந்துகினு கீறாங்க. எவ கண்ணுனா பட்டு, எவனா ஒரு துணிய எடுத்துக்கினு போய் எதுனா செஞ்சி வெச்சா புள்ளைக்கு ஆவாது. தூக்கிக்கினு போய்ப் போட்டுடு."

நான் சொன்னேன், "சிஸ்டர் பாக்கணும்னு சொல்லிக்கீதும்மா."

"அது வேதக்கார பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? நீ நம்ம ஊரு ஆளு."

நம்ம ஊரு ஆளு என்றதும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நாலு மணிக்குள் இன்னொரு முறை. படிக்கத் தெரியாத காலத்திலும் எனக்கு எண்ணத் தெரியும், சிஸ்டர். நான் எடுத்தது ஆறு. எல்லாம் நனைந்து கனத்தது. பிள்ளை பெற்றவளுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் முழுதாக உண்மையில்லை. கனம் கைக்குத் தெரிந்தது.

நாலு மணி கழிந்து நீங்கள் ஓடி வந்து வாசலில் நின்று, "எத்தனை மாத்தினீங்க?" என்று கேட்டீர்கள். கெங்கம்மா "ரெண்டுதாம்மா" என்றார். நான் அங்கேயேதான் மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு என்று ஒரு வார்த்தை. சொன்னால் உங்கள் பேச்சை மீறினது தெரிந்துவிடும். நான் தரையைத் துடைத்தேன்.

விசாரணையன்று சூப்பர்வைசர் வல்லரசு, "படிக்கத் தெரியாது, ஆரும் ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போ தாத்தா. உனக்கும் பேஜாரு இல்ல, ரமாபாய்க்கும் இல்ல" என்றான். ரமாபாய் அங்கே ஆயாவாக இருக்கிறாள், உங்களுக்குத் தெரியும். நான் சொன்னதைத்தான் அவர்கள் எழுதினார்கள். கைநாட்டு வைத்த விரலை வகுப்பில் பென்சில் பிடிக்கும்போதெல்லாம் பார்ப்பேன்.

நான் என்ன செய்ய வேண்டும்? சொல்லுங்கள்.

பொன்னுரங்கம்


நாசரேத்
19-7-2025

தாத்தா,

மூன்று நாள் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கோபம் போகவில்லை. ஆனால் தாத்தா என்று எழுத வருகிறது.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி தூத்துக்குடியில் எனக்கு நேர்காணல். அரசு மருத்துவமனை வேலை. எனக்கு முப்பத்திரண்டு வயது, இனி இப்படி ஒன்று வருமா தெரியாது. அதற்குள் ஆஸ்பத்திரி தன் தாளைத் திருத்திக் கொடுத்தால் எனக்கு வழி உண்டு. நீங்கள் எனக்கு எழுதியதை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் திருத்தித்தான் ஆக வேண்டும்.

கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ரமாபாய் அக்கா அங்கே இருக்கிறார். உங்கள் வயது எனக்குத் தெரியும். கட்டாயப்படுத்தவில்லை என்று எழுத நினைக்கிறேன், ஆனால் இப்படி எழுதுவதே கட்டாயப்படுத்துவதுதானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது இப்போது வேண்டாம்.

ஜெஸ்லின்


வியாசர்பாடி
6-8-2025

அன்புள்ள சிஸ்டர்,

கொடுத்துவிட்டேன்.

போன வாரம் திங்கட்கிழமை காலையில் தாளை வல்லரசுவிடம் நீட்டினேன். "இன்னா தாத்தா, லீவு லெட்டரா?" என்றான். படித்தான். மறுபடியும் படித்தான்.

"ஆரு எழுதிக் குடுத்தா?"

"நான்தான்."

"நீயா? நீ கைநாட்டு பார்ட்டியாச்சே!"

"அது போன வருசம்."

மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவரும் நம்பவில்லை. யாரோ வக்கீல் என் கையில் கொடுத்து அனுப்பியது என்றார். "எதிர்ல உக்காந்து எழுது பாக்கலாம்" என்று வெள்ளைத்தாளைத் தள்ளினார். எழுதினேன். பத்து மணிக்கு ஆரம்பித்தது, முடிக்கும்போது பன்னிரண்டு. லேப் டெக்னீஷியன், வாட்ச்மேன், சமையல்கார அம்மா எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "எழுதுறாரு யா, நெஜமாவே எழுதுறாரு" என்று யாரோ சொன்னார்கள். சிஸ்டர், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுத்து நேராக விழுகிறதே என்று நானே பார்த்து ரசித்தேன். அப்புறம் "ஆறு துணி" என்று எழுத வந்தேன். பேனா நின்றுவிட்டது. எதை எழுதிக்கொண்டு நான் இப்படிச் சிரிக்கிறேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

கையெழுத்துப் போட்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். ரமாபாயை வார்டில் இருந்து துணி துவைக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்: "படிச்சதும் படிச்ச, மொத மொதல்ல என் சோத்துலதான் கைய வெச்சியா?" ஒரு வாரம் பேசவில்லை. நேற்று, "அந்த சிஸ்டருக்கு வேலை கெடச்சிடுமா?" என்று மட்டும் கேட்டாள். கிடைக்கும் என்றேன்.

தாளைத் திருத்தி உங்களுக்குத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். நேர்காணலுக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு போங்கள்.

பொன்னுரங்கம்


நாசரேத்
24-8-2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

திருத்திய தாள் பதிமூன்றாம் தேதியே வந்துவிட்டது. என்மேல் தவறு இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனேன். என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். வாசல் வரைக்கும் போனேன். அப்புறம் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

ஏன் என்று உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்பதை வாளியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாக இருந்தால் பயமில்லை. மாவு மாதிரி தளர்ந்திருந்தால் உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டரை மணிக்குக் கை வைத்தேன், கெட்டியாக இருந்தது. நாலு மணிக்கு மேல் வாசலில் நின்று வாளியைப் பார்த்தேன், கேட்டேன், ஓடினேன். உள்ளே போய்க் கை வைக்க அரை நிமிடம் போதும். வைக்கவில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று. ஓடுகிற ஓட்டத்தில் கேஸ் ஷீட்டில், "4.15: கர்ப்பப்பை கெட்டியாக உள்ளது" என்று எழுதிவிட்டேன். அப்புறம் வந்து பார்த்துக்கொள்ளலாம், கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று எழுதினேன். அந்த ஒரு வரியைப் போனில் நான் படித்துச் சொன்னதை நம்பி டாக்டரும், சரி, கவனியுங்கள் என்று சொல்லிவிட்டார். விசாரணையில் யாரும் அதைக் கேட்கவில்லை. வாளியைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள். நானும் வாளியைப் பற்றி மட்டும்தான் அழுதேன்.

குழந்தை, சர்க்கரைக்காரர், சிவந்தி என்ற அந்த வரிசை சரிதான். இன்றைக்கும் அப்படித்தான் போவேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேனே, அதுதான் தவறு.

நீங்கள் தாளில் பொய் சொன்னதற்கு உங்களைத் திட்டி எழுதினேன். உங்கள் பொய்யைத் தாளில் ஏற்றியது வேறொருவர். என் பொய்யை நானே எழுதினேன், பதினாறு வருடம் படித்த கையால். நீங்கள் வேலையை விட்டுக் கொடுத்து வாங்கித் தந்த தாளை அதோடு சேர்த்து அவர்கள் மேசையில் வைக்க என்னால் முடியவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள். ரமாபாய் அக்காவிடமும் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டேன். அவர்கள் என்ன செய்தாலும் சரி. சிவந்திக்கும் ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவர்கள் வீடு எர்ணாவூரில் என்பது தெரியும், கதவு எண் தெரியாது. கொண்டுபோய்க் கொடுப்பீர்களா?

ஜெஸ்லின்


வியாசர்பாடி
14-9-2025

அன்புள்ள சிஸ்டர்,

இரண்டு வாரம் போகவில்லை. தினமும் கிளம்புவேன், வாசலிலேயே நின்றுவிடுவேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. ரமாபாய், "இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? நானும் வரேன், நட" என்றாள். எர்ணாவூரில் வீட்டை விசாரித்துக்கொண்டே போனோம்.

கெங்கம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. கையைக் கழுவினார். உள்ளே சிவந்தி மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை நன்றாக இருக்கிறது, சிஸ்டர். ஒரு இடத்தில் உட்காரவில்லை.

உங்கள் கடிதத்தையும், ஆஸ்பத்திரிக்கு நான் எழுதியதன் நகலையும் கொடுத்தேன். சோற்றுக் கையோடு படித்தாள். ஒருமுறை அல்ல, இரண்டுமுறை. பிறகு மாமியாரைப் பார்த்துக் கேட்டாள்.

"அத்த, ஆறு துணியா? ரெண்டுன்னு சொன்னியாமே?"

கெங்கம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இந்த ஆளு மாப்பு புடிச்சிக்கினு அங்கயே நின்னாருடி. ஆம்பள எதிர்ல ஆறுன்னு எப்பிடிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சி. ரெண்டுன்னுட்டேன்." சொல்லிவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

இது எனக்குத் தெரியாது, சிஸ்டர். நான் வாயைத் திறக்காததுதான் குற்றம் என்று ஒன்றரை வருடம் நினைத்திருந்தேன். நான் அங்கே நின்றதே போதுமாக இருந்திருக்கிறது. நகர்ந்து போயிருந்தால் அந்த அம்மா உங்களிடம் உண்மையைச் சொல்லியிருப்பார்.

சிவந்தி எங்களைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். ரமாபாயும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவந்தி திட்டவில்லை. "அத்த, அழாத, கொழந்த பயப்படுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் ஒன்று கேட்டாள். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"தாத்தா, நாலரைக்கு நான் ஆர்கிட்டயும் சொல்லாம எந்திரிச்சி பாத்ரூம் போனேன். சிஸ்டர் எந்திரிக்கக் கூடாது, என்னைக் கூப்புடுன்னு சொல்லி இருந்தாங்க. அவங்க அந்தக் கொழந்தைக்கு ஓடிக்கினு இருந்தாங்க, எதுக்குத் தொந்தரவுன்னு நானே போனேன். திரும்பி வந்து படுத்ததுதான் ஞாபகம் இருக்கு. நான் நடந்ததுனாலதான் கர்ப்பப்பை போச்சின்னு நெனச்சிக்கினு கீறேன். என் வூட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. இவ்ளோ நாளும் ஆர்கிட்டயும் சொல்லல. அதனாலயா தாத்தா?"

இல்லம்மா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எனக்கு என்ன தெரியும்? நான் தரை துடைத்தவன். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல இனி எனக்குத் தைரியம் இல்லை. "சிஸ்டரைக் கேட்டு வந்து சொல்றேம்மா" என்றேன். சரி என்று தலையாட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து, "சீக்கிரம் கேளுங்க" என்றாள்.

நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். போனில் சொல்ல வேண்டாம், எழுதுங்கள். அவள் கையில் இருக்கட்டும்.

பொன்னுரங்கம்


நாசரேத்
17-9-2025

தாத்தா,

உங்கள் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. கிளினிக்கில் வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை முடித்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவேன். கீழே உள்ளதைக் கிழித்து அவளிடம் கொடுங்கள்.

சிவந்திக்கு,

நீ எழுந்து நடந்ததால் அல்ல. நாலரைக்கு முன்பே, நான் வாசலில் நின்றபோதே, உனக்கு ரத்தம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆறு துணி நனைந்திருந்தது. கண்டுபிடித்திருக்க வேண்டியவள் நான். பாத்ரூமுக்கு நடந்ததால் யாருக்கும் கர்ப்பப்பை போவதில்லை. எழுந்திருக்காமல் படுத்திருந்தாலும் அந்த ரத்தம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். உன்மேல் ஒரு தவறும் இல்லை.

இதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவதுபோல எழுதுகிறேன். இந்த முறை தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

தே. ஜெஸ்லின்
செவிலியர்
17-9-2025, காலை 11.20